முகம் காட்டியதற்கு இரண்டு ரூபாய்

மெட்ராஸ் பிரசவ ஆஸ்பத்திரியில் எங்கள் மூத்தவள் பிறந்தபோது, வார்டு வாசலில் ஓர் ஆயா குழந்தையைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றாள். கையில் ஒரு ரூபாய் விழும்வரை துண்டு விலகவில்லை. கட்டிலைத் தள்ளியவளுக்குத் தனியாக, வெந்நீர் கொடுத்தவளுக்குத் தனியாக. பட்டணம் என்றால் அப்படித்தான் என்று நானும் பழகிக்கொண்டேன். சட்டைப்பையில் எப்போதும் மடித்த நோட்டு இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது பிரசவத்துக்கு மனைவி செஞ்சியிலுள்ள தாய்வீட்டுக்குப் போனாள். அறுபதுகளின் நடுவில் அது. அவள் பிறந்தபோது பிரசவம் பார்த்த அதே மருத்துவச்சி அம்மாதான் வந்தார். அந்த ஊரில் அதற்கென்று ஒரு முறை இருந்தது. பதினாறாம் நாள், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றி முடித்ததும், முறத்தில் நெல், புடவை, வெற்றிலை பாக்கு, மேலே பணம் வைத்துக் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு காசு தொடமாட்டார். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மெட்ராஸ்காரனுக்குத் தெரியாதது உண்டா!

குழந்தை இறந்தே பிறந்தது. பையன்.

வெயில் ஏறிய நேரம். இரண்டு நாளாக உட்காராமல் பாடுபட்ட அந்த அம்மா அவனைக் குளிப்பாட்டி, என் மாமியாரின் பழைய புடவைத் துண்டில் சுற்றிக் கூடத்துக்கு எடுத்து வந்தார். நான் கேட்காமலே துணியை விலக்கினார்.

"பாத்துக்கோ தம்பி. மூக்கு உன்ன மாரியே இருக்குது" என்றார்.

பார்த்தேன். பார்த்துக்கொண்டே என் கை சட்டைப்பைக்குப் போனது. இரண்டு ரூபாய் நோட்டை எடுத்து அவர் விரல்களுக்குள் திணித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மா குழந்தையை மாமியாரிடம் கொடுத்தார். கசங்கிய நோட்டை நீவி, ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"செத்த புள்ளைக்கு நான் இன்னி வரிக்கும் கைநீட்டினது இல்ல தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கிணற்றடிக்குப் போய், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதுவரை அவர் அழவில்லை.

மன்னிப்புக் கேட்க இரண்டு முறை அவர் வீட்டுத் தெருவரை போனேன். கதவைத் தட்டாமலே திரும்பி வந்தேன்.

மூன்றாவது பிரசவத்துக்கு ஆள் அனுப்பினோம். அவர் வரவில்லை, மருமகளை அனுப்பினார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பதினாறாம் நாள் எல்லாம் முறைப்படி வைத்து, முறத்தை என் கையாலேயே கொடுத்தேன். அந்தப் பெண் நெல்லையும் புடவையையும் எடுத்துக்கொண்டாள். பணத்தை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"அத்த சொல்லி அனுப்பிச்சாங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "உங்க கையால காசு மட்டும் வாணாம்னு."