மடிக் கரி

மயிலாப்பூர் சித்திரக்குளம் பக்கத்தில் கோமளத்தைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அவள் வீட்டுப் பூனைகூடக் குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் வரும் என்பார்கள். விறகுக்காரன் போட்டுவிட்டுப் போகிற கட்டைக்கும் தண்ணீர் தெளித்து, வெயிலில் உலர்த்தி, அப்புறம்தான் அடுப்பில் வைப்பாள். கடைக்காரன் தொட்டது, வண்டிக்காரன் தொட்டது, தெருவில் போன மாடு முகர்ந்தது எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே மருந்து, ஒரு சொம்புத் தண்ணீர்.

அவளையும் தூக்கிச் சாப்பிடுகிற மடிக்காரி அதே வீட்டில் இருந்தாள். கணவர் சுவாமிநாதனின் அக்கா சீதா. பதினெட்டு வயதில் தாலி இழந்து வந்தவளுக்கு இப்போது ஐம்பத்திரண்டு. தன் கையால் சமைத்தது, இல்லாவிட்டால் கோமளம் மடியோடு சமைத்தது, இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் அவள் வாயில் படாது. இரண்டு பேருக்கும் சண்டை என்று சொல்லிவிட முடியாது. இருபது வருஷமாக யார் அதிக மடி என்று ஒரு போட்டி, அவ்வளவுதான். சுவாமிநாதன் நடுவில் ஈரத் துண்டோடு சாப்பிட்டு எழுந்து போவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. சுவாமிநாதன் குமாஸ்தாவாக இருந்த நூல் கம்பெனி சேலத்துக்குப் போயிற்று. சீதா மட்டும் அசையவில்லை.

"ரயில்ல ஊரோட இடிச்சுண்டு போய், அங்க கண்ட கிணத்துத் தண்ணியைக் குடிக்கறதுக்கு, குண்டே தேவலை" என்றுவிட்டாள்.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சேலத்துக்குத் தந்தி வந்தது. கொடுத்தவர் மயிலாப்பூர் வீட்டுக்குப் பின்சந்தில் புத்தக பைண்டிங் செய்கிற மெஹபூப் பாஷா. அக்கா கடும் காய்ச்சலில் படுத்துவிட்டாள், எழுந்து சமைக்க முடியவில்லை, யார் எதைக் கொடுத்தாலும் வாங்க மறுக்கிறாள், உடனே வரவும் என்று இருந்தது. சீதா மறுத்தால் மறுத்ததுதான், செத்தாலும் வாங்கமாட்டாள் என்று கோமளத்தைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

ரயிலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. கம்பெனிக்கு ஒரு பழைய மோட்டார் இருந்தது. பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்ததால், பின்னால் இரும்புப் பீப்பாய் ஒன்றைப் பொருத்தி, அதில் கரி போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டுகிற வண்டி. டிரைவர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். வண்டியைப் பட்டணத்தில் கொண்டுபோய் விட ஆள் தேடிக்கொண்டிருந்த மானேஜர், எப்போதோ அடையாற்றுப் பக்கம் வண்டி ஓட்டிப் பழகிய சுவாமிநாதனிடம் சாவியைக் கொடுத்தார். மாட்டுவண்டியே முந்திக்கொண்டு போய்விடும் என்கிற மாதிரி வண்டி அது. ஆனாலும் வியாழக்கிழமை ராத்திரிக்குள் மயிலாப்பூர் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு, அப்படியே பாஷாவுக்குப் பதில் தந்தியும் கொடுத்தார்.

புதன்கிழமை விடியுமுன் கோமளம் ஈரப் புடவையோடு சத்துமாவு வறுத்து அரைத்துப் புது மூங்கில் கூடையில் கட்டினாள். சீதாவின் வாய்க்குள் போகக்கூடிய பதார்த்தம் இந்த உலகத்திலேயே அந்தக் கூடையில் மட்டும்தான் இருந்தது. கூடையைப் பின்சீட்டில் தனியாக வைத்தாள். அவள் முன்னால் உட்கார்ந்து அரை நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கிருஷ்ணகிரி வரைக்கும் வண்டி முனகாமல் வந்தது. அங்கே கரி தீர்ந்தது. சந்தையில் சுவாமிநாதன் இரண்டு மூட்டை வாங்கிப் பின்சீட்டில் போட்டார். ஒரு மூட்டை கூடையில் சாய்ந்துகொண்டது. எவனெவனோ உட்கார்ந்து எழுந்த கோணி. அவர் காபி குடிக்கப் போன நேரம் பார்த்துக் கோமளம் கூஜாவைத் திறந்தாள். தெளித்தால் மேலே இருக்கிற கரிக்குத்தானே போகும், உள்ளே இருப்பதற்கு? அரைகுறை வேலை அவளுக்குப் பிடிக்காது. கூஜாத் தண்ணீர் முழுவதையும் இரண்டு மூட்டைக்குள்ளும் ஊற்றினாள். மனசு நிம்மதியாயிற்று.

அதற்குப் பிறகு நிம்மதி வண்டிக்கு இல்லை. ஏற்றம் வந்தால் இருமிற்று. பர்கூர் தாண்டி நின்றது. கிளப்புவதற்குப் பீப்பாய்ப் பக்கத்தில் இருக்கிற விசிறியைக் கால் மணி நேரம் கையால் சுற்ற வேண்டும். சுவாமிநாதன் சுற்றினார், அவர் தோள் வலித்தபோது கோமளம் சுற்றினாள். வெள்ளைப் புகை வந்ததே தவிர நெருப்புப் பிடிக்கவில்லை. வாணியம்பாடியில் ஒரு சத்திரத்தில் ராத்திரி. ஆம்பூரில் ஒரு பகல் பூராவும் புளியமரத்தடியில். பெயர் மட்டும் கேட்டிருந்த ஊர்கள். வண்டியைப் பார்க்க ஒரு மெக்கானிக்குக்கு எந்தத் தெருவில் யாரைக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் நடந்தார்கள். வாணியம்பாடியில் வாங்கிய புது மூட்டைக்கும் அவருக்குத் தெரியாமல் தண்ணீர் ஊற்ற அவள் மறக்கவில்லை.

வியாழக்கிழமை ராத்திரி வந்தது, போயிற்று. அவர்கள் இன்னும் வேலூரைக்கூடப் பார்க்கவில்லை.

"ஏன்னா, அக்கா இப்போ என்ன பண்ணிண்டிருப்பா?" என்று கோமளம் கேட்டாள்.

"தெரியலை" என்றார் சுவாமிநாதன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மாடு கட்டி வண்டியை வேலூருக்குள் இழுத்துவந்தார்கள். அப்துல் வஹீத் என்ற மெக்கானிக் பீப்பாயைத் திறந்து பார்த்தார், மூடினார். நேராகப் போய்ப் பின்சீட்டு மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டார்.

"இன்னா ஐயரே, கரி ஈரமா கீது? மழைகூட இல்லையே. ஈரக் கரியைப் போட்டா எந்த வண்டி ஓடும்?"

சுவாமிநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். "எடைக்காகத் தண்ணி அடிச்சு வித்துட்டான், பாவி. மூட்டையைப் பிரிச்சுப் பாக்காம வாங்கின நான் ஒரு மடையன்."

கோமளம் கூஜாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அவர் கிருஷ்ணகிரிக்காரனைத் திட்டினார், வாணியம்பாடிக்காரனைத் திட்டினார், தன்னைத் திட்டிக்கொண்டார். ஒவ்வொரு திட்டும் எங்கே வந்து விழ வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. அக்காவுக்கு ஏதாவது ஆகியிருந்தால், கொன்றது காய்ச்சல் இல்லை, தான்தான்.

வஹீத் பீப்பாயைச் சுரண்டிக் கழுவி, காய்ந்த கரி போட்டுக் கொடுக்கச் சனிக்கிழமை காலை ஆகிவிட்டது. புது மூட்டை மறுபடி கூடைமேல் சாய்ந்தது. கோமளம் பார்த்தாள். கூஜாவைத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் தியாகராய நகரில், பனகல் பார்க் முனையில், வண்டி கடைசியாக ஒருமுறை இருமிவிட்டு நின்றது. இதற்கு மேல் அதற்குக் காத்திருக்க அவளால் முடியாது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். பின்னாலேயே அவரும் வந்தார். பாதி வீடுகளில் பூட்டுத் தொங்கியது. ஜட்கா ஒன்றையும் காணோம். ராயப்பேட்டை நெடுஞ்சாலையைத் தாண்டும்போது செருப்பு அறுந்தது. அதை விட்டுவிட்டு நடந்தாள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே போகப் பயந்துகொண்டு அவள் ரேழியிலேயே நின்றாள். பேச்சுக்குரல் கேட்டது. அப்புறம்தான் கூடத்தில் காலை வைத்தாள்.

சீதா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதியாகிப் போயிருந்தாள், ஆனால் இருந்தாள். எதிரில் மெஹபூப் பாஷாவின் மனைவி ஜைதூன் பீ, கையில் ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சி, ஒரு ஸ்பூன். கோமளத்தைப் பார்த்ததும் திருடி அகப்பட்டவளைப் போல எழுந்துகொண்டாள்.

"இன்னாம்மா, இப்பத்தான் வர்றீங்களா? வியாயக்கெயம வருவீங்கன்னு வாசலயே பாத்துக்கினு இருந்தாங்க. அது வரைக்கும் வெறும் தண்ணிதான், அதையும் தவழ்ந்து போய் அவங்களே மொண்டு குடிச்சாங்க. அன்னிக்கு ராத்திரி அவங்களாத்தான் கூப்பிட்டாங்க. நான் குளிச்சிட்டுத்தாம்மா வந்தேன்."

வியாழக்கிழமை ராத்திரி. அவர்கள் வந்து சேர்ந்திருக்க வேண்டிய ராத்திரி.

"அவளை ஒண்ணும் சொல்லாதே, கோமளம்" என்றாள் சீதா. குரல் நூலாக வந்தது. "நான்தான் கேட்டு வாங்கினேன். பசிச்சுது."

முப்பத்து நாலு வருஷம் காத்ததை அவள் அந்த ஒரு சொல்லில் வைத்துவிட்டாள்.

"கரிக்காரன் ஏமாத்திட்டான் அக்கா" என்று சுவாமிநாதன் தொடங்கினார். "ஈரக் கரி. இல்லேன்னா அன்னிக்கே..."

"கரிக்காரன் ஏமாத்தலை" என்றாள் கோமளம். "நான்தான் தண்ணி ஊத்தினேன். உங்களுக்குக் கொண்டுவர்ற மாவு மடி கெட்டு விழுப்பாயிடக் கூடாதேன்னு."

சுவாமிநாதன் அவளைப் பார்த்தார். சுவரோரமாக உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். சீதா அந்த மூங்கில் கூடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோமளம் கூடையை ஓரமாக வைத்துவிட்டு, ஜைதூன் பீயிடம் கையை நீட்டினாள். ஜைதூன் தயங்கினாள், பிறகு கிண்ணத்தைக் கொடுத்தாள். பாதிக் கஞ்சி மீதி இருந்தது.

"கையெல்லாம் கரி. கால் கை அலம்பிண்டு வந்து கொடேன்" என்றார் சுவாமிநாதன்.

"ஆறிடும்" என்று சொல்லிக் கோமளம் ஸ்பூனை எடுத்தாள். சீதா வாயைத் திறந்தாள்.