வெயிலில் காயும் கணக்கு நோட்டுகள்

போன வாரம் சேல்ஸ் டாக்ஸ் ஆபீசுக்குப் போனேன். உயிரோடு திரும்பினேன்... அதனால்தான் இந்தப் பத்தியே!

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கச்சிராயபாளையத்தில் மோட்டார் பம்ப் சாமான் கடை. சர்க்கார் பழுப்புக் கவர் வந்தாலே பிரித்துப் படிக்க ஆள் தேடுவேன். 'கணக்கு நோட்டுடன் கள்ளக்குறிச்சி ஆபீசுக்கு நேரில் வரவும்' என்று பஜாருக்கே வந்த கவர் எனக்கும் வந்தது. நோட்டு இல்லாவிட்டால்? அவர்களாகவே குத்துமதிப்பாக ஒரு வரியைப் போட்டுவிடுவார்கள். என் கடை தாங்காது.

அது மறியல் நேரம். இட ஒதுக்கீடு கேட்டு ரோடு நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் பாதி வழியில் நின்றது. நாள் தவறினால் தொலைந்தோமே என்று நோட்டுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கரும்பு வயல் வழியே நடந்தேன். வாய்க்காலில் கால் வழுக்கியது. நானும் நோட்டும் — தொபுக்கடீர்!

சொட்டச் சொட்ட ஊர் திரும்பினால், எங்கள் பஜார் 'ஆடிட்டர்' சிரிக்கிறார். அவர் என்ன படித்தார் என்று யாரும் கேட்டதில்லை. நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது?

"இன்னா மொதலாளி, எதுக்கு இந்தக் கஷ்டம்? நோட்டு ஏத்திக்கினு போன லாரிய மறியல்ல கொளுத்திட்டாங்கன்னு ஒரு லெட்டர் குடுங்க. பஜாரே குடுத்துடுச்சி."

"எனுக்கு நெசமாவே நனைஞ்சிடுச்சிங்க..."

"நனைஞ்சதுன்னா எவன் நம்புவான்? எரிஞ்சதுன்னாதான் கௌரவம்!"

ரோட்டில் படுத்தவர்களுக்குக் கேஸ். கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சாக்கு. எப்படி இருக்கிறது நியாயம்?

பொய் சொல்லவும் தைரியம் வேண்டுமே... நமக்கு ஏது? ரோடு திறந்ததும் நோட்டுக் கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். ஆபீசர் மேஜையில் லெட்டர்கள் குவிந்து கிடந்தன.

"உன் நோட்டும் அந்த லாரிதானா? பஜார் கணக்கையெல்லாம் ஒரே லாரியிலயா ஏத்துனீங்க?"

"எரியலீங்க சார். வாய்க்கால்ல வுழுந்துடுச்சி."

சேறு காய்ந்த கட்டை மேஜையில் வைத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு பக்கத்தைப் பிரித்தார். தப்பு வந்தால் அழிக்கலாமே என்று பென்சிலில் எழுதுகிறவன் நான். பென்சில் கரையவில்லை!

"கணக்கைப் பென்சில்லயா எழுதுவாங்க? அறிவிருக்கா?"

திட்டினார். திட்டிக்கொண்டே படித்தார். "பில்லுங்களோட சரிபார்த்து, மையில எழுதி எடுத்துக்கினு வா. டைம் தரேன்."

அப்பாடா! கடை பிழைத்தது.

நனைந்த நோட்டுக்கு டைம் கிடைத்தது என்று சந்தோஷத்தில் பஜாரில் வாயை விட்டேன். மறுநாள் காலையில் பார்க்கிறேன் — கடை வாசல்களில் எல்லாம் நோட்டுகள் வெயிலில் காய்கின்றன! பேனா மையில் எழுதிய நோட்டுகள். ஓர் எழுத்து மிச்சமில்லை. ஆடிட்டரே முன்னால் நின்று வாளியில் முக்கி எடுத்தாராம்.

வியாபாரிகளே, ஒரு யோசனை... ஃபீஸ் வேண்டாம். பில்லுக்குக் கார்பன் காப்பி எடுத்து வீட்டிலும் ஒன்று வையுங்கள். பொய்யை மட்டும் மொத்த வியாபாரத்தில் வாங்காதீர்கள். பக்கத்துக் கடையிலும் அதே சரக்குதான் இருக்கும்.

நேற்று அத்தனை பேரையும் ஆபீசர் நிற்க வைத்துக் கேட்டாராம்: "லாரியில எரிஞ்சுபோன நோட்டு எப்படிய்யா நனைஞ்சுது?"

ஆடிட்டர் அசரவேயில்லையாம்.

"தண்ணி ஊத்தித்தானே சார் அணைச்சாங்க!"