மீன் கேட்டா வைக்காதீங்க

போன மாதம் நுரைச்சோலையில் ஒரு கலியாண வீடு. கொழும்பிலிருந்து வந்து பாலாவிச் சந்தியில் பஸ் மாற இறங்கினேன். தேத்தண்ணிக் கடைச் சுவரில் தேர்தல் போஸ்டர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக உரிந்து தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அடியில் மஞ்சளாக ஒரு துண்டு. ‘மனசு விட்டுக் கதைக்க’ என்ற மூன்று சொற்களும் ஒரு தொலைபேசி இலக்கத்தின் முதல் பாதியும்தான் மிச்சம். மறுபாதியை மழை கொண்டுபோய்விட்டது. பரவாயில்லை, அந்த இலக்கத்தை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பார்த்துக்கொண்டே நின்றதில் கல்பிட்டி பஸ் ஒன்று போய்விட்டது.

அந்தத் துண்டை ஒட்டியவர்களில் நானும் ஒருத்தி. அப்போது புத்தளத்தில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ஒரு சின்னக் கூட்டம். ஆணை விரும்புகிற ஆண்கள், பெண்ணை விரும்புகிற பெண்கள், திருநங்கைகள். நான் இரண்டாவது ரகம் என்பதை இப்போது இவ்வளவு லேசாக எழுதிவிட்டேன். அப்போது அதைச் சொல்ல அந்த ஒரு அறைதான் இருந்தது. மலரின் சலூனுக்குப் பின்னால் இருந்த அறை. மலர் சிலாபத்துக்காரி, திருநங்கை. புருவம் திருத்த வருகிற பெண்களின் குடும்பக் கதை முழுவதும் அவளுக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறையில் கரம் விளையாடுவோம், வெறுந்தேத்தண்ணியும் பாணும் சம்பலும் சாப்பிடுவோம். கிளினிக்குக்குத் தனியாகப் போகப் பயந்தவர்களுடன் யார் துணைக்குப் போவது என்று முறை போடுவோம். நோன்பில் கஞ்சி காய்ச்சி, வீட்டில் நோன்பு திறக்க முடியாதவர்களைக் கூப்பிடுவோம். சம்பளம் யாருக்கும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது.

ஆலோசனைத் தொலைபேசி ஒன்று வேண்டும் என்று சொன்னவர் ரிஸ்வி நானா. குறிஞ்சிப்பிட்டியிலிருந்து மரக்கறி லொறி ஓட்டுகிறவர். கலியாணம் முடிக்க நேரமில்லாத அளவுக்கு வேலை என்று அவருடைய குடும்பம் நம்பிக்கொண்டிருந்தது. துண்டில் என்ன எழுதுவது என்று மூன்று ஞாயிறு சண்டை பிடித்தோம். நான் ‘தன்பாலீர்ப்பு’ என்று எழுதிக்கொண்டு போனேன். ரிஸ்வி நானா வாசித்துவிட்டு, “டீச்சர், இத ஒட்டினா ஏதோ வாத மருந்து விக்கிறோம் எண்டு நினைப்பாங்க” என்றார். கடைசியில், யாரிடமும் சொல்ல முடியாததை எங்களிடம் சொல்லலாம், நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று மட்டும் எழுதினோம்.

துண்டெல்லாம் ஒட்டி முடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ரிஸ்வி நானா யாரிடமோ வாங்கி வந்த அந்த சிம், முன்பு கல்பிட்டிப் பக்கத்து மீன் வியாபாரி ஒருவருடையது. முதல் அழைப்பே ஆனமடுவையிலிருந்து, நெத்தலி என்ன விலை என்று. இரண்டாவது அழைப்பு பாரைக்கு. மனசு விட்டுக் கதைக்க ஆள் வருவதற்கு முன்னால் அறுக்குளாவுக்கு ஆள் வந்துவிட்டது. மலருக்கு அது பெரிய சந்தோசம். மீன் கேட்பவர்களிடமும் சுகம் விசாரித்து, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுத்தான் விடுவாள். எனக்குப் பொறுமை கிடையாது. காலையெல்லாம் முப்பது பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு வருகிறவள். “மீன் இல்ல, நம்பர் பிழை” என்று சொல்லி வைத்துவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் என்னுடைய முறை. பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் குரல் வரும்.

“சூடை மீன் இரிக்கா?”

“இல்ல.”

அடுத்த செவ்வாயும் அதே குரல், அதே சூடை. மூன்றாவது தடவை, “அப்ப வேற என்ன மீன் இரிக்கி?” என்று கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எத்தன தரம் சொல்ற? இது மீன் கடை இல்ல! இனி எடுக்காதீங்க!”

வைத்துவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அதைக்கூட நான் முழுதாகக் கேட்கவில்லை.

அழைப்புகளைக் குறித்து வைக்க ஒரு கொப்பி இருந்தது. அதில் மலரின் கோழிக் கிறுக்கலில், ‘மாம்புரி. மீன் கேட்டா வைக்காதீங்க’ என்று இரண்டு கிழமைக்கு முன்பே எழுதியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். என்னுடைய சிடுசிடுப்பைப் பற்றி மலர் நக்கல் அடிக்கிறாள் என்று நினைத்து, பக்கத்தில் ஒரு மீன் படம் கீறி வைத்துவிட்டுப் போனேன். அவ்வளவு கெட்டித்தனம்.

ஞாயிற்றுக்கிழமை மலர் கேட்டாள்: “மாம்புரிப் பிள்ள செவ்வாய்க்கிழமையில எடுக்கிறாவா டீச்சர்?”

“எந்த மாம்புரிப் பிள்ள?”

அப்போதுதான் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குத் தன்னுடன் படித்த இன்னொரு பெண் மேல் விருப்பம். வீட்டில் மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. உம்மாவுடைய போனில்தான் எடுக்கிறாள். சனிக்கிழமை வீட்டில் ஆள் இருக்காது, மலரோடு அழுது அழுது கதைப்பாள். செவ்வாயில் உம்மா பக்கத்தில் இருப்பார். அதனால் மலரே ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறாள்: பக்கத்தில் ஆள் இருந்தால் மீன் கேளு. போனை எடுக்கிறவர் விளங்கிக்கொண்டு ஏதாவது ஆறுதலாகக் கதைப்பார், நீ சும்மா கேட்டுக்கொண்டிரு.

நான் சொன்ன ஆறுதல் என்ன என்பது உங்களுக்குத் தெரியும்.

மலர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். “அவ சனிக்கிழமையும் எடுக்கல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு, பாணுக்குச் சம்பல் பூசத் தொடங்கினாள். நாங்கள் யாரையும் திருப்பி அழைப்பதில்லை. அந்தப் பக்கம் போன் யாருடைய கையில் இருக்குமோ என்ற பயத்தில் நாங்களே போட்ட சட்டம். நான் இரண்டு தரம் அந்தச் சட்டத்தை மீறப் பார்த்தேன். இரண்டு தரமும் மலர் போனைப் பிடுங்கித் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். அதற்கு மேல் யார் என்ன செய்ய முடியும்.

ஒருநாள் ரிஸ்வி நானாவின் லொறியில் ஏறி மாம்புரிக்கே போனேன். போய் என்ன செய்வது என்று தெரியாது. ஆளின் முகம் தெரியாது, பெயர் தெரியாது. கடற்கரையில் சூடை குவியல் குவியலாகக் கிடந்தது. பெண்கள் சட்டி சட்டியாக அள்ளிக்கொண்டு போனார்கள். ஒவ்வொருவருடைய குரலையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு பைத்தியக்காரி போல நின்றேன். குரல்களைத்தான் கேட்டேனே தவிர, கண்ணுக்கு முன்னால் கிடந்த மீனைப் பற்றி யோசிக்கவில்லை. ரிஸ்வி நானா ஹோர்ன் அடித்துக் கூப்பிட்டு, “வாங்க டீச்சர், கத்தரிக்கா வாடுது” என்றார்.

மூன்று செவ்வாய் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வேறு மீன்காரர்கள் எடுத்தார்கள். எல்லோருடனும் அன்பாகக் கதைத்தேன்; ஆனமடுவைக்காரர் பயந்தே போயிருப்பார். நாலாவது செவ்வாய் அந்தக் குரல் வந்தது.

“சூடை... இரிக்கா?”

“இரிக்கி. நல்ல மீன் இரிக்கி. அண்டைக்கு ஏசினதுக்கு மாப்பு கேக்கிறன் தங்கச்சி. ஆறுதலா கேளுங்க.”

“வேணாம் எண்டு சொல்ல ஏலுமா?” என்றாள்.

“ஏலும்.”

“சொல்லி வெச்சாச்சு எண்டா?”

அந்த மூன்று கிழமைக்குள் கலியாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டிருக்கிறாள். கேட்க ஒரு ஆளும் இல்லாத மூன்று கிழமை.

“சொல்லி வெச்சாலும் ஏலும். ஒங்களுக்கு வேணாத மீன ஒங்கட சட்டியில ஆரும் போட ஏலாது.”

“சரி ராத்தா” என்றாள். உம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீன் கடைக்காரியை யாராவது அக்கா மாதிரி ராத்தா என்பார்களா? எனக்குத்தான் பதற்றம்.

அடுத்த செவ்வாய் அதே நேரம் போன் அடித்தது. அவசரமாக எடுத்து, “சூடை இரிக்கி தங்கச்சி” என்றேன். வேறு குரல். வயது போன குரல்.

“நான் சூடை கேக்கிற புள்ளட உம்மா.”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“எங்கட ஊட்டுக்காரரு கடலுக்குப் போறவரு. விடிஞ்சா வாசல்ல மீன் கெடக்கு. இவ போனுல சூடை கேக்கிறா. எனக்கு வெளங்காதா மவள்? நீங்க என்ன கதைக்கிறீங்க எண்டு நான் கேக்கல்ல. ஒங்களோட கதைச்சா அவ சோறு திங்கிறா. நீங்க ஏசின கெழமையெல்லாம் பட்டினி. அந்தச் சம்பந்தத்த நான் வேணாம் எண்டுட்டன். மாப்புள்ளட குடும்பம் சரியில்ல எண்டு அவட வாப்பாக்குச் சொல்லியிரிக்கன். வேற ஒண்டும் சொல்லல்ல. இனி ஏசாம கதைங்க.”

நான் “ஓம்” என்றேன். வைத்த பிறகு அழுதேன். என் உம்மா என்னோடு இதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. எனக்கு அதுவும் சேர்ந்துகொண்டது.

அந்தப் பெண் பிறகு சிலாபத்தில் வேலை கிடைத்துப் போனாள். எங்கள் அறைக்கு ஒருநாளும் வரவில்லை, பெயரும் சொல்லவில்லை. ஆனால் உம்மா விடவில்லை. சில செவ்வாய்களில் எடுத்து, “சூடை இரிக்கா மவள்?” என்று சிரிப்பார். மகள் போனில் என்ன சொன்னாள், எனக்குத் தடிமனும் இருமலும் மாறிவிட்டதா, சோறு திண்டேனா. ஐந்து நிமிடம். என் சொந்த இலக்கத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. அதுவும் எங்கள் சட்டங்களில் ஒன்று.

பிறகு நான் வேலை மாறிக் கொழும்புக்கு வந்தேன். ரிஸ்வி நானா கட்டாருக்குப் போனார். பெற்றோலுக்கும் கேஸுக்கும் எல்லோரும் வரிசையில் நின்ற அந்த நாட்களில் மலர் சலூனை மூடிவிட்டு நீர்கொழும்புக்குப் போய்விட்டாள். அந்த சிம்முக்கு ரீலோட் போட யாருக்கும் நினைவு வரவில்லை, அது செத்துப்போய்விட்டது. இப்போதுள்ள பிள்ளைகள் போனுக்குள்ளேயே ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். நல்லது, அந்த அறையும் கரம் பலகையும் போனதில் எனக்குப் பெரிய துக்கமில்லை.

அந்த உம்மா ஒரு செவ்வாய்க்கிழமை அஸருக்குப் பிறகு எடுத்துப் பார்த்திருப்பார். இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று மூன்று மொழியிலும் சொல்லியிருக்கும். அது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். நான் மறுபடியும் கோபத்தில் வைத்துவிட்டேன் என்று மட்டும் அவர் நினைத்திருக்கக் கூடாது.