மோடத்தில் வைத்த பச்சைப் பொட்டு

கம்பத்தில் எனக்கு ஏலக்காய் வியாபாரம். மூட்டை மாறிவிடாதிருக்கப் பச்சைப் பெயிண்டால் அடையாளம் வைப்பேன். கடைக் கம்ப்யூட்டருக்குப் புது மதர்போர்டு போட மெக்கானிக் சேகரைக் கூப்பிட்டபோதும், உள்ளே இருக்கிற பாகத்தை மாற்றிவிடுவானோ என்று சந்தேகம். அவன் வருமுன்பே இன்டர்நெட்டுக்கான மோடம் கார்டைக் கழற்றி, ஸ்லாட்டுக்குள் மறையும் தங்கநிறத் தொடர்புப் பல்லில் ஒரு பொட்டு வைத்துவிட்டேன்.

புதுப் போர்டில் மோடம் வேலை செய்யவில்லை.

“சவுண்டு கார்டோட முட்டுதுண்ணே. கான்ஃப்ளிக்ட்டு” என்று சேகர் ஸ்லாட் மாற்றி மாற்றிச் சொருகினான்.

திருடனுக்கு இங்கிலீஷ் வேறா என்று கறுவினேன். “ஏலே, என் மோடத்தை மாத்திட்டியா?”

அதை உருவி வெளிச்சத்தில் பிடித்தான். பல்லில் பச்சை. அழிரப்பரால் அழுத்தித் தேய்த்துச் சொருகினான். பெயிண்ட் போனதும் இன்டர்நெட் வந்தது.

“மாத்தலண்ணே. உங்க மூட்டைதான்” என்றான்.

இப்போதும் அவன் கடைக்குள் வந்தால், பெயிண்ட் டப்பாவைக் காலால் மேசைக்கடியில் தள்ளிவிடுகிறேன்.