நாலு வயதைத் திருப்பித் தந்த மாதா

அன்பான சகோதர சகோதரிகளே,

மாதா எனக்குச் செய்த உபகாரத்தைச் சொல்வதற்கு முன்னால், நான் செய்த மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்காமல் அதைக் கேட்டால் உங்களுக்கு ஒன்றும் பிடிபடாது.

பதினாலு வயதில், செத்துப்போன என் அண்ணனுடைய ஞானஸ்நானப் பத்திரத்தைக் காட்டி வேலைக்குச் சேர்ந்தவன் நான்.

எங்கள் கடற்கரையில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பிள்ளை சின்னதிலேயே தவறிவிட்டால், அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கும் அதே பேரை வைப்பார்கள். என் அண்ணன் 1934-இல் பிறந்தான். பேர் சவேரியான். ஒரு வயது நிறையவில்லை, காய்ச்சலில் போய்விட்டான். 1938-இல் நான் பிறந்தேன். நானும் சவேரியான். அதே அப்பா, அதே அம்மா, அதே பேர். வருஷம் மட்டும்தான் வேறு.

நான் எட்டாவது முடித்தபோது, சங்கு குளித்துக்கொண்டிருந்த அப்பா நெஞ்சுக் கோளாறில் படுத்துவிட்டார். கப்பல் சாமான் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் ஆள் எடுத்தார்கள். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். நான் நேரே கோயில் உபதேசியாரிடம் போய், “முப்பத்து நாலாம் வருஷத்து ஏட்டைப் பாருங்க, சவேரியான்னு இருக்கும்” என்றேன். அவர் பார்த்தார், எழுதினார், முத்திரை குத்திக் கொடுத்தார். ஒரே நிமிஷத்தில் எனக்கு நாலு வயது ஏறிவிட்டது. போதாததற்கு விளக்குக் கரியை மேலுதட்டில் தடவிக்கொண்டு போனேன். தூத்துக்குடி வெயில் உங்களுக்குத் தெரியும். மீசையோடு உள்ளே போனவன் தாடியோடு வெளியே வந்தேன். அப்படியும் வேலை கொடுத்தார்கள் என்றால் மாதா என்மேல் அன்றைக்கே கண் வைத்துவிட்டாள் என்றுதான் அர்த்தம்.

அந்தப் பட்டறையில் இருபத்தொரு வருஷம் இரும்பு கடையும் லேத்து ஓட்டினேன். இப்போது நினைத்தாலும் அந்த எண்ணெய் வாசனையும் கருவாட்டு வாசனையும் சேர்ந்தே மூக்குக்கு வருகின்றன. அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். வள்ளங்கள் வரிசையாகப் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கடற்கரையில் போய் நின்று, எந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடி என்று பந்தயம் கட்டுவோம். எல்லாக் கொடியையும் தெரிந்தவன்போல நான் அடித்து விடுவேன். கனடாக் கொடியைப் பார்த்து, “இது ஏதோ வெற்றிலை வியாபாரிக் கப்பல்” என்று சொன்னவன் நான். அந்த வெற்றிலை தேசத்துக்கே போகப் போகிறேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

1973 கடைசியில் சிரிப்பு நின்றது. புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்தது. இனிக் கப்பல்கள் கரையிலேயே வந்து கட்டும், எங்கள் பட்டறைக்கு வேலை இருக்காது, அடுத்த வருஷம் மூடிவிடுவோம் என்று மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். லேத்தைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன், இறங்கவில்லை. வாய் ஓயாதவன் வாயை மூடியிருப்பதைப் பார்த்து என் மனைவி ரோசம்மா பயந்துபோனாள்.

அவளுடைய அண்ணன் கனடாவில் வெல்டராக இருந்தார். விஷயம் தெரிந்ததும் ஒரு விண்ணப்பப் படிவத்தை அனுப்பி வைத்தார். அந்த நாட்டில் குடியேற மார்க்கு வாங்க வேண்டுமாம். படிப்புக்கு இவ்வளவு, தொழிலுக்கு இவ்வளவு, பாஷைக்கு இவ்வளவு, வயதுக்கு இவ்வளவு. நூற்றுக்கு ஐம்பது வந்தால் கதவு திறக்கும். பள்ளிக்கூடத்தில் ஐம்பதைக் கண்ணால் பார்க்காதவனுக்கு முப்பத்தைந்து வயதில் மறுபடி பரீட்சை!

ஊரில் விண்ணப்பங்கள் டைப் அடித்துக் கொடுக்கும் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். அவர் என் காகிதங்களை எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு கூட்டினார். நாற்பத்தெட்டு வந்தது.

“ரெண்டு மார்க்கு குறையுதே தம்பி. வயசுலதான் அடி வாங்குதீரு. முப்பத்தஞ்சு வரைக்கும் முழுசாப் பத்து. அதுக்கு மேல வருஷத்துக்கு ஒண்ணு கழிச்சிருவான். உமக்கு முப்பத்தொம்பதுல்லா?”

“எனக்கு முப்பத்தஞ்சுதான் அண்ணாச்சி.”

“பள்ளிக்கூடத்துப் பத்திரமும் அப்படித்தான் சொல்லுது. ஆனா ஞானஸ்நானப் பத்திரம், கல்யாணப் பத்திரம், கம்பெனி வேலைச் சீட்டு எல்லாம் முப்பத்தொம்பதுங்குதே? ரெண்டுல எது நீரு?”

பதினாலு வயதில் ஏற்றிக்கொண்ட அந்த நாலு வயது, நாலு மார்க்கைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தது. யாரையாவது ஏமாற்றினால் நஷ்டம் அவர்களுக்குத்தான் என்பார்கள். நான் என்னையே ஏமாற்றியிருந்தேன்.

என் சொந்த ஞானஸ்நானப் பத்திரத்தை வாங்கினால் தீர்ந்தது என்று கோயிலுக்கு ஓடினேன். 1938-ஆம் வருஷத்து ஏட்டைப் புரட்டினார்கள். முன் வருஷம், பின் வருஷமும் பார்த்தார்கள். நான் இல்லை. இறந்துபோன அண்ணன் ஏட்டில் இருக்கிறான்; உயிரோடு நிற்கிற நான் இல்லை! அப்பாவும் அம்மாவும் அதற்குள் போய்விட்டார்கள். கேட்பதற்கு இருந்தது ஒரே ஒரு ஆள், கீழவைப்பாரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா லூர்தம்மா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஆனால் அவளிடம் எப்படிக் கேட்பேன்? செத்துப்போன அந்தக் குழந்தையை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் அவள். அவன் பத்திரத்தை நான் எடுத்துப் பிழைத்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. ரோசம்மாவுக்கும் தெரியாது.

மறுபடி டைப் அண்ணாச்சியிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “நாலை எட்டாக்க எத்தனை நேரம் ஆகும்? நாளைக்குக் கொண்டாரும்” என்றார்.

அன்று சாயங்காலம் மாதா கோயிலுக்குப் போனேன். எதற்கு என்கிறீர்கள்? அந்தத் திருத்தம் யார் கண்ணிலும் படக் கூடாது என்று வேண்டிக்கொள்ள! திருட்டுக்கு மாதாவைக் கூட்டுச் சேர்க்கப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இரண்டு மெழுகுதிரி ஏற்றினேன். காரியம் முடிந்தால் இன்னும் பத்து என்று பேரம் பேசினேன். பேசிவிட்டுத் தலையை நிமிர்த்தினேன். மாதா கையில் குழந்தை இருந்தது. எத்தனை ஆயிரம் தடவை பார்த்த சுரூபம்! அன்றைக்குத்தான் அந்தக் குழந்தையைப் பார்த்தேன். எங்கள் அம்மாவும் ஒருத்தனை இப்படித்தானே வைத்திருந்திருப்பாள். அவனுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது ஞானஸ்நானப் பத்திரத்தில் அந்த ஒரு வரி மட்டும்தான். அதையும் நான் அழித்துத் திருத்தப் போகிறேன்.

அழுகை வந்துவிட்டது. “அம்மா, என்னால முடியல. நீயே ஒரு வழி காட்டு” என்றேன். அதற்குமேல் ஜெபம் வரவில்லை. பேரமும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தேன். வாசலில் கருவாட்டுக் கூடை இருந்தது. உள்ளே அக்கா!

திருவிழாவுக்குத் தவிர ஊரைவிட்டு அசையாதவள். கண் ஆஸ்பத்திரிக்கு வந்தாளாம், பஸ்ஸைத் தவற விட்டாளாம், இங்கே தங்கிவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம். பெஞ்சில் நான் பரப்பிப் போட்டிருந்த காகிதங்களைக் காட்டி, “ஏளா ரோசம்மா, இதெல்லாம் என்னதுளா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்க தம்பி கனடாவுக்குப் போகச் சேக்குத பத்திரம் மைனி. இது அவுக ஞானஸ்நானப் பத்திரம்” என்று ரோசம்மா எடுத்துப் படித்தாள். டிசம்பர் மாதம், 1934.

அக்கா கூடத்து நடுவில் அப்படியே நின்றுவிட்டாள்.

“இது இவனுக்குள்ளது இல்லளா. இது எங்க மூத்தவனுக்குள்ளது. சவேரியார் திருநாளு முடிஞ்ச மறுநாள் தண்ணி ஊத்துனாங்க. நாந்தான் மெழுகுதிரி பிடிச்சேன்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏலே, இது ஒன்கிட்ட எப்படில வந்துச்சு?”

சொன்னேன். கரி மீசை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. நான் முட்டிபோட்டு நின்றேன்.

முதலில் வாய் திறந்தது ரோசம்மாதான். விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். “அப்பம் நான் ஒங்களுக்கு ஒரு வயசு மூத்தவளா?”

“ஆமா.”

“பன்னெண்டு வருசமா ஒங்களுக்குப் பயந்து கெடந்தேனே!”

அக்கா அவளைக் கவனிக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. “செத்த பிள்ளைக்க பேருலயால இத்தனை நாள் சோறு தின்ன? ஒனக்குன்னு ஒரு பத்திரம் இல்லன்னா நெனச்ச?”

“கோயில் ஏட்டுல நான் இல்லையே அக்கா.”

“இங்கன எப்படில இருப்ப? மூத்தவன் போனதுல அம்மா பயந்துபோயி, அடுத்த பிள்ளைக்கு மணப்பாட்டுச் சிலுவைக் கோயில்லதான் ஞானஸ்நானம் குடுப்பேன்னு நேந்துக்கிட்டா. முப்பது நாள் பிள்ளையா ஒன்னைத் தூக்கிட்டு வள்ளத்துல போனோம். வழிநெடுக நீ கத்துன கத்து! அலை பெருசா ஒன் சத்தம் பெருசான்னு அப்பா கேட்டாங்க.”

முப்பத்தைந்து வருஷம் எனக்குத் தெரியாத என் கதை. கோயிலில் வாய்விட்டு வழி கேட்டேன். வீட்டுக்கு வந்து சேருவதற்குள் வழி கூடையோடு வந்து உட்கார்ந்திருந்தது. தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் என் அக்கா அதற்கு முன்னும் பின்னும் ஒரு பஸ்ஸைக்கூடத் தவற விட்டதில்லை.

மறுநாள் காலையில் நான் டைப் அண்ணாச்சியிடம் போகவில்லை. திருச்செந்தூர் பஸ் ஏறினேன். சாகுபுரம் தாண்டி, திருச்செந்தூரில் இறங்கி வேறு பஸ் மாறி, மணப்பாடு போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. மணல் மேட்டில் ஏறும்போது கால் சுட்டது. அங்கிருந்த சாமியார் பழைய ஏட்டை எடுத்து மெதுவாகப் புரட்டினார். விரல் ஒரு இடத்தில் நின்றது. “தூத்துக்குடி சவேரியானா? இந்தா இருக்கியே” என்றார். ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தாய் என்ற இடத்தில் பாட்டியோ அத்தையோ இல்லை. லூர்தம்மா, வயது பத்து. சின்னப் பிள்ளையை ஞானத்தாயாக நிறுத்தியதும் அம்மாவின் நேர்ச்சையாம். என் அக்கா என் ஞானத்தாய் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

இன்னும் ஒரு கண்டம் பாக்கி இருந்தது. கம்பெனி வேலைச் சீட்டு. அதில் வயது மாறாவிட்டால் காகிதங்கள் ஒன்றோடொன்று சண்டை போடும். உண்மையைச் சொன்னால் மேனேஜர் அந்த நிமிஷமே வெளியே தள்ளலாம். அனுபவக் கடிதமும் போய்விடும், கனடாவும் போய்விடும். வழியெல்லாம் ஜெபமாலை சொல்லிக்கொண்டே போனேன். அவர் இரண்டு பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“பதினாலு வயசுப் பையனை லேத்துல நிறுத்துனது கம்பெனிக்கும் மரியாதை இல்லை” என்றார் கடைசியில். “நீரும் சத்தம் போடாதேயும், நாங்களும் போடலை.” சரியான வயதைப் போட்டு, இருபத்தொரு வருஷ வேலையையும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எங்கள் பங்குச் சாமியார் கல்யாண ஏட்டின் ஓரத்தில் திருத்தம் எழுதி, எனக்கு ஒரு நீண்ட பிரசங்கமும் வைத்தார். அதை வாங்கிக்கொள்ள நான் தகுதியானவன்தான்.

மதராசில் நேர்காணல். அந்த அதிகாரி, வயது ஏன் மாறியது என்றுதான் முதலில் கேட்டார். தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன், பட்டறை, மணப்பாடு. கரி மீசைக்கு இங்கிலீஷ் தெரியாததால் விரலால் உதட்டில் தடவிக் காட்டினேன். அவர் சிரித்தார். மூன்று மாதத்தில் விசா வந்தது.

சகோதர சகோதரிகளே, எனக்கு இப்போது எழுபதுக்கு மேல் ஆகிறது. உண்மையான எழுபது, பத்திரம் இருக்கிறது. பனியில் முப்பது வருஷத்துக்கு மேல் லேத்து ஓட்டினேன், பிள்ளைகளைக் கரை சேர்த்தேன். இன்றைக்கும் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்தால், தூக்கம் கலையாத கண்ணுக்கு அது தூத்துக்குடி உப்பளமாகத்தான் தெரிகிறது. அன்றைக்கு விட்ட பொய்யை நான் மறுபடி தொடவில்லை. பகடி மட்டும் போகவில்லை. அதை மாதா மன்னிப்பாள். வருஷா வருஷம் டிசம்பரில் என் அண்ணன் பேரில் ஒரு பூசை வைக்கிறேன். உங்களில் யாராவது ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு, அதற்கு ஆசீர்வாதம் கேட்டுக் கோயிலுக்குப் போகிறீர்கள் என்றால், தயங்காமல் போங்கள். நான் அப்படித்தான் போனேன். அங்கே போய் அதைக் கீழே போட்டுவிடுங்கள், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று ரயிலடிக்கு அக்கா வந்திருந்தாள். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசியிருக்கவில்லை. பிள்ளைகளை முத்தமிட்டாள், ரோசம்மாவைக் கட்டிக்கொண்டாள். என்னிடம் வரவில்லை. வண்டி ஊதியதும் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்:

“அக்கா! மாதா என்னை மன்னிச்சிட்டா. நீ மன்னிச்சிட்டியா?”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“இனியாவது ஒன் வயச நீ வாழுல.”