கேமராவுக்குப் பயந்த பார்க்

ஒரு கேமராவைப் பார்த்து ஒரு பெரிய பார்க்கே பயந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அது என் தாய்மாமன் கொண்டுபோன கேமரா.

மாமாவுக்கு அப்போது குந்தாரப்பள்ளிச் சந்தையில்தான் பிழைப்பு. லோன் போட்டு மாடு வாங்குகிறவர்கள், காதில் நம்பர் வில்லை குத்திய மாட்டோடு நின்று இன்சூரன்சுக்குப் படம் கொடுக்க வேண்டும். மாடு தலையைத் தொங்கப்போட்டால் வில்லை தெரியாது. மாமா நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டி 'டொக், டொக்' என்று சொடுக்குவார். எந்த மாடும் காதை விறைத்துக்கொண்டு நிமிரும். அந்த நேரம் பார்த்து பட்டனை அமுக்குவார்.

ஓசூரில் ஓர் ஆலையில் சூப்பர்வைசராக இருந்த தென்காசிப் பக்கத்துக்காரர், சந்தைக்கு நாட்டுக்கோழி வாங்க வந்தவர், இதைப் பார்த்துவிட்டு மாமாவிடம் பேச்சுக் கொடுத்தார். தன் பிரிவு ஆட்களைக் குடும்பத்தோடு பெங்களூர் பக்கம் ஒரு தண்ணீர் விளையாட்டுப் பார்க்குக்கு பஸ்ஸில் கூட்டிப்போவதாகவும், எல்லாரையும் சேர்த்து ஒரு படம் வேண்டும் என்றும் சொன்னார். படம் நன்றாக வந்தால் ஆலைக்காரர்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாம் மாமாவுக்கே என்றார். மாட்டை விட்டு மனிதர்கள் பக்கம் வர மாமாவுக்குத் திறந்த முதல் வழி அதுதான்.

அன்றைக்கு மாமா கொண்டுவந்தது சந்தைக்குத் தூக்கிப்போகிற சின்னக் கேமரா அல்ல. கறுப்புப் பை, அதற்குள் பெரிய கேமரா, நீள லென்ஸ், பிளாஷ், தனியாக மூன்று கால் ஸ்டாண்டு. ஸ்டாண்டு என் பொறுப்பு. நான் ஐந்தாவது படித்த வருஷம் அது. அதற்குமேல் படிக்கவுமில்லை. நாலு பேர் பார்த்தால் அம்மாவின் பின்னால் ஒளிகிற ஆள் நான். ஆனால் அந்த ஸ்டாண்டைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் போனபோது, எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று மெதுவாக நடந்தேன்.

பார்க் வாசலில் சிமெண்டு முதலை ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதற்குக் கீழே காவலாளி எங்களை நிறுத்தினார்.

"ஏ, இதெல்லா ஒளகடெ பிடல்லப்பா, உள்ள விடமாட்டோம். சின்ன கேமரான்னா பரவால்ல. இவ்ளோ பெருசு, ஸ்டாண்டு வேற. உள்ள போட்டோ எடுக்க எங்க ஆளுங்க இருக்காங்க."

மாமா கன்னடத்தில் கெஞ்சினார். பிறகு தெலுங்கில் கெஞ்சினார். காவலாளி இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் வந்து பையைத் திறக்கச் சொல்லி, லென்ஸைப் பார்த்துவிட்டு, இதை உள்ளே விட்டால் தன் வேலை போய்விடும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கள் மாமாவின் கேமராவுக்கு எவ்வளவு பயப்படுகிறார்கள்!

சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். "விடுங்க தம்பி. உள்ள அவங்களே எடுப்பாவளாம்லா. நீங்களும் பைய வெளிய வச்சுட்டு வந்து ஜாலியா குளிங்க."

மாமா முகம் வெளிறிப்போனது. கூட்டம் டிக்கெட் வரிசைக்கு நகர ஆரம்பித்துவிட்டது. திடீரென்று மாமா என்னிடமிருந்து ஸ்டாண்டை வாங்கி, வாசலுக்கு வெளியே தரையில் ஊன்றினார்.

"எல்லாரும் நில்லுங்க! தண்ணில எறங்கினா அப்பறம் யார் மூஞ்சி யாருக்குத் தெரியும்? பூ வாடறதுக்குள்ள, பவுடர் கலையறதுக்குள்ள முதலைக்குக் கீழ வந்து நில்லுங்க. ஒரே நிமிசம்!"

பெண்கள்தான் முதலில் திரும்பினார்கள். பட்டுப்புடவையும் மல்லிகைச் சரமுமாக வந்தவர்களுக்கு அந்தப் பேச்சு நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். அவர்கள் நின்றதும் ஆண்களும் வந்து நின்றார்கள். ஆனால் ஒருவர் இப்படிப் பார்த்தால் ஒருவர் அப்படி. பிள்ளைகள் பார்க்கின் உள்ளேயே பார்த்தார்கள். மாமா கத்திப் பார்த்தார், கையை ஆட்டிப் பார்த்தார். கடைசியில் அவரை அறியாமலே நாக்கு சொடுக்கியது. டொக், டொக்.

அத்தனை தலையும் நிமிர்ந்தது.

"யோவ், எங்கள என்னா மாடுன்னு நெனச்சிக்கினியா?" என்று ஓர் அக்கா முன்வரிசையிலிருந்து கேட்டாள். பக்கத்தில் நின்றவள், "உன்னப் பாத்தா வேற எப்படிக் கூப்புடுவாரு?" என்றாள். எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். மாமா அந்தச் சிரிப்பை எடுத்தார்.

பிற்பாடு அதே ஆலைக்கு நான் சுமை தூக்கப் போனேன். அந்தப் படம் கேண்டீனில் கை கழுவுகிற இடத்துக்கு மேலே இருந்தது. ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லை. எடுத்தது எங்கள் மாமா என்று யாரிடமாவது சொல்ல ஆசை. கூச்சத்தில் சொல்லாமல் தினமும் கையை மட்டும் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்குப் படம் எடுத்தானதும் மாமா என்னைச் சூப்பர்வைசர் வீட்டம்மாவோடு உள்ளே அனுப்பினார். பையை வைக்க அறை இருக்கிறது, டோக்கன் தருவோம் என்று காவலாளி சொல்லியும் மாமா கேட்கவில்லை.

"நீயும் வா மாமா."

"எனக்குத் தண்ணி ஒத்துக்காதுடா. நீ போயி நல்லா ஆடிட்டு வா."

எங்கள் ஊர்க் கிணற்றில் அவர் தலைகீழாகக் குதிப்பதை எத்தனையோ முறை பார்த்தவன் நான். அன்றைக்கு அது என் ஞாபகத்துக்கே வரவில்லை. நாள் முழுக்கச் சறுக்கினேன், உருண்டேன், மூக்கில் தண்ணீர் ஏறி இருமினேன். சாயங்காலம் வெளியே வந்தபோது மாமா பஸ் நிழலில் உட்கார்ந்திருந்தார். பை மடியில் இருந்தது. தூசு படாமல் அதன்மேல் தன் துண்டைப் போர்த்தியிருந்தார்.

ஓசூரில் இறங்கி வேறு பஸ் பிடித்துக் கிருஷ்ணகிரி வந்தோம். நேராக ஊருக்குப் போகாமல் ரவுண்டானா பக்கம் ஒரு பெரிய ஸ்டுடியோவுக்குள் மாமா என்னைக் கூட்டிப்போனார். மேசைக்குப் பின்னால் தங்க பிரேம் கண்ணாடி போட்ட ஒருவர். மாமா நின்றுகொண்டே பையை அவரிடம் கொடுத்தார். அவர் ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்தார். லென்ஸை விளக்கில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெல்லிய துணியால் துடைத்தார். ஸ்டாண்டின் மூன்று கால்களையும் இழுத்துப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் தன் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மாமா அவரைக் கும்பிட்டார்.

"நம்ம கேமராவ ஏன் மாமா அவரு பூட்டறாரு?" என்று தெருவில் கேட்டேன்.

"அங்க இருந்தாதான்டா பத்திரம்."

அது இரவல் என்று அன்றைக்கு யார் சொல்லியிருந்தாலும் அவர்களோடு சண்டைக்குப் போயிருப்பேன். எங்கள் மாமாவின் கேமராவைத் துடைத்து, பூட்டி, காவல் காக்க டவுனில் கண்ணாடி போட்ட ஓர் ஆள் இருக்கிறார் என்று, ஊர் போய்ச் சேரும்வரை நெஞ்சை நிமிர்த்தியபடியே வந்தேன்.