பட்டிக்குக் கயிறு கட்டிய நேசராணி

பூனாகலைப் பக்கத்தில் நேசராணியைப் போல ரோசக்காரி கிடையாது. புருசன் போன பிறகு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டே மூன்று பன்றி வளர்த்தாள். லயத்து வரிசையில் பன்னிரண்டு வீடும் மிச்சச் சோற்றையும் கழுநீரையும் அவள் வாளியில்தான் ஊற்றும். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு வெட்டினால் பன்றி சாப்பிடுகிற வீட்டுக்கெல்லாம் பங்கு போகும். சோறு போட்டவர்களுக்கு உரிமை இருக்கத்தானே செய்யும்.

நாட்டுக்குள் பன்றிக் காய்ச்சல் வந்ததும் மிருக வைத்தியர் சொல்லிப்போனார்: வெளி இறைச்சி லயத்துக்குள் வரக் கூடாது, வாளித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் ஊற்றக் கூடாது, ஒரு பன்றிப் பட்டிக்காரர் இன்னொரு பட்டிக்குப் போகக் கூடாது. தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் கூடி எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நேசராணி தன் பட்டிப் பாதையை மறித்துக் கயிறே கட்டிவிட்டாள்.

"எந்த மாப்பிள்ளைய மறிக்கப் போற, கயிறு கட்டியிருக்க?" என்றார் முருகையா கங்காணி.

"தாண்டிப் பாருங்க மாமா, காலு இருக்காது."

மேல் லயத்துப் பிலிப்புவிடம் ஒரு தாய்ப்பன்றியும் ஒன்பது குட்டியும் இருந்தன. அவற்றை நம்பித்தான் மகள் ஜெசீகாவைப் பதுளையில் படிக்க வைக்க இருந்தான்.

ஐப்பசி மழையில் கொழும்பிலிருந்து நேசராணியின் மகன் ஜூட் வந்தான், பன்றி இறைச்சியோடு. பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்ததை எந்தத் தாய் வேண்டாமென்பாள்? ஆக்கிப் போட்டாள். இறைச்சி கழுவிய தண்ணீர் கைப்பழக்கத்தில் வாளிக்குப் போனது. விறகெல்லாம் ஈரம். ஒரு நாள்தானே என்று கொதிக்க வைக்காமலே பன்றிக்கு ஊற்றினாள், ஊருக்கே சட்டம் சொன்னவள்.

எட்டாம் நாள் ஒரு பன்றி எழும்பவில்லை. காதெல்லாம் சிவந்து கிடந்தது. அடுத்த இரண்டு நாளில் மூன்றும் விறைத்துவிட்டன.

ஒற்றைப் பொம்பளை எப்படி இழுத்துப் புதைப்பாள்? கேள்விப்பட்டதும் பிலிப்பு கயிற்றைத் தாண்டி வந்துவிட்டான்.

"போ தம்பி. ஒனக்குக் குட்டிங்க இருக்கு."

"சாவுல கைகொடுக்காதவன் மனுசனாக்கா? காலக் கழுவிட்டுப் போனாப் போச்சு."

இது அந்தக் காய்ச்சல்தான், இறைச்சித் தண்ணீரில் வந்தது என்று நேசராணி அப்போதே சொல்லியிருந்தால் அவன் கயிற்றுக்கு வெளியிலேயே நின்றிருப்பான். வெட்கம் வாயைக் கட்டியது. அவன் மத்தியானம் வரை இழுத்தான், குழி வெட்டினான், சேறு ஒட்டிய அதே சப்பாத்தோடு மேலே போனான்.

இரண்டு வாரத்தில் அவன் பட்டியிலும் பன்றிகள் விழத் தொடங்கின. நேசராணி மேல் லயத்துக்கு ஏறி வேலிக்கு வெளியே நின்றாள். உள்ளே தாயும் குட்டிகளும் செத்து, சாக்கில் வரிசையாகக் கிடந்தன.

"ஜூட் கொண்டாந்த எறச்சிதான் தம்பி. கழுவுன தண்ணிய நாந்தான் ஊத்துனேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

பிலிப்பு மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. குழியை வெட்டிக்கொண்டே இருந்தான். பிறகு நிமிராமலே சொன்னான்:

"உள்ள வாங்கக்கா. இனி யாரு வந்தா என்ன."